கொம்ஷுலுக் என்றொரு குட்டிக் கதவு

மேல் மஹாலா, கர்ஜாலி மலைப்பக்கம், பல்கேரியா
12 பிப்ரவரி 1989

என் நெவேனாவுக்கு, அக்கா வெலிகா எழுதுவது. இங்கே உயிரோடு இருக்கிறோம், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். போஸ்னியாவில் நீயும் உன் வீட்டுக்காரர் ஷெவ்கோவும் மாமியாரம்மாவும் முழங்காலோடு சேர்த்து நலமாக இருக்க வேண்டும். வழியில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற தம்பிக்கும் கண் நன்றாகத் தெரியட்டும், என் கையெழுத்து அப்படி.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் கொம்ஷுலுக்கில் சிக்கிக்கொண்டேன். எங்கள் கொல்லைச் சுவரில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கிறதே அந்தக் குட்டிக் கதவு, அதில்தான். கையில் பூசணி வைத்துச் சுட்ட பனிட்ஸாப் பலகாரத் தட்டு. இடுப்புவரை அவள் வீடு, இடுப்புக்குக் கீழே என் வீடு. பக்கத்து வீட்டுக்காரி தட்டைப் பத்திரமாக வாங்கி வைத்துவிட்டு, பிறகுதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் உன் அத்தான் ஸ்தமென் தள்ளுகிறார்.

“மூச்சை உள்ள இழுடி!”

“நான் இழுத்தா உன் சுவரும் சேர்ந்து உள்ள வந்துடும்!”

“கதவு சுருங்கிடுச்சு போல,” என்றார் உன் அத்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு அன்று இரண்டு துண்டு கூடுதலாகக் கொடுத்தேன்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தெரு வழியாக என் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் போனதில்லை. எங்கள் நாய் முர்ஜோவுக்கே அது தெரியும். கொம்ஷுலுக் வழியாக வந்தால் வீட்டு ஆள். தெருக் கதவு வழியாக வந்தால் கடிக்கலாம்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கடையில் நின்றுகொண்டு அவளிடம், “ஈஸ்ட்டைக் கொம்ஷுலுக் வழியாக் குடுக்கறேன், நீ நிக்காத, போ” என்றேன். பின்னால் எங்கள் கிராம சபைச் செயலாளர் தெர்ஸியேவ்.

“அம்மா, அது துருக்கிச் சொல். பொது இடத்துல துருக்கி பேசக் கூடாதுன்னு உத்தரவு. ‘இணைப்பு வாசல்’னு சுத்தமான பல்கேரியத்துல சொல்லுங்க.”

நெவேனா, நான் பல்கேரியக்காரி! “கொம்ஷுலுக்கைச் சாத்துடி, கோழி போகுது” என்று சொல்லிச் சொல்லித்தானே அம்மா நம் இரண்டு பேரையும் அடித்தாள்? அது எப்போது எனக்கு அந்நிய மொழியானது? உங்கள் பக்கம் இந்தச் சொல் உண்டா, யாருடையது என்று மாமியாரம்மாவைக் கேட்டு எழுது. அந்த ஆள் முகத்தில் எறிய எனக்கு ஒரு பதில் வேண்டும்.

இப்போதைக்குப் பக்கவாட்டில் நடக்கிற
உன் அக்கா வெலிகா

---

த்ராவ்னிக், யூகோஸ்லாவியா
5 மார்ச் 1989

அன்புள்ள அக்காவுக்கு, நெவேனா. நாங்கள் நலம். மாமியாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கேட்டால் வைத்தியர் ஏற்றிவிட்டார் என்கிறார். உன் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டு.

உன் கடிதத்தை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது கேட்டு நிம்மதிப்பட்டார். பிறகு முகம் மாறிவிட்டது.

“கொம்ஷிலுக்குன்னா கதவா? கதவையா அப்படிச் சொல்றாங்க உங்க ஊர்ல? ஐயோ, பாவப்பட்ட ஜனங்க!”

இங்கே அது கதவில்லையாம். இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, எதிர் வீடு, அவர்கள் எல்லாரும், அவர்கள் நமக்கும் நாம் அவர்களுக்கும் செய்வது எல்லாம் சேர்ந்துதான் கொம்ஷிலுக்காம். “நான் செத்தா கொம்ஷிலுக்குதான் தூக்கும். உங்க அக்காவைக் கதவா தூக்கப் போகுது?” என்றார். அசல் போஸ்னியச் சொல் என்று அடித்துச் சொன்னார். காப்பிக்கு வந்திருந்த செர்பியக்காரி இல்லை, எங்களுடையது என்றாள். மாடியில் இருக்கிற மாசிடோனியக்காரி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள், தன்னுடையது என்பதைச் சொல்லக்கூடத் தேவையில்லை என்பது போல. வந்த இரண்டு பேரும் அரைக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நீ நடுவில் ஒரு வார்த்தை எழுதி என் வீட்டைக் கெடுத்தாய்.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். ‘பக்கத்து வீட்டுக்காரி’, ‘பக்கத்து வீட்டுக்காரி’ என்றே எழுதுகிறாய். முன்பெல்லாம் வரிக்கு வரி அவள் பெயர் இருக்கும். உங்களுக்குள் சண்டையா?

நெவேனா

---

மேல் மஹாலா
22 மார்ச் 1989

நெவேனா, நலம். முட்டைக்கோஸ் இலையை முர்ஜோ தின்றுவிட்டது. மாமியாரம்மாவைச் சர்க்கரையைக் குறைக்கச் சொல், கோபத்தைக் குறைக்க வேண்டாம், அது உடம்புக்கு நல்லது.

சண்டையா? அவளோடா? நாலு குளிர்காலத்துக்கு முன் துப்பாக்கியோடு வந்து இந்த மலையில் இருக்கிற துருக்கியர் எல்லாருக்கும் பல்கேரியப் பெயர் வைத்துவிட்டுப் போனார்களே, மறந்துபோனாயா? பிறந்த குழந்தைக்கு வைப்பது போல அவளுக்கும் ஒன்று வைத்தார்கள், பேரன் எடுத்தவளுக்கு. பழைய பெயரை எழுதினால் கடிதம் உன்னிடம் வந்து சேராது. புதுப் பெயரை எழுத எனக்குக் கை வராது. அதனால் அவள் பக்கத்து வீட்டுக்காரி. தம்பி, இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடு. உனக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரி இருப்பாள்.

செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். முர்ஜோவைக் கட்டினேன், இன்னமும் அதற்காக வருத்தப்படுகிறேன்.

“ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் போதும், தெருப் பக்கம். யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு தெரியணும். அந்த ஓட்டையை அடைச்சிடுங்க.”

“ஓட்டையா? அதுக்குப் பேரு இருக்கு. ஆனா நீங்கதான் சொல்லக் கூடாதுன்னுட்டீங்களே.”

“அது துருக்கிச் சொல்னு சொன்னேனே!”

“உங்க பேரு தெர்ஸியேவ். ‘தெர்ஸி’ன்னா துருக்கியில தையல்காரன். முதல்ல அதை அடைங்க.”

“அது எங்க பரம்பரைப் பேரு!”

“இது எங்க பரம்பரைக் கதவு! துருக்கிச் சொல்லையெல்லாம் திருப்பித் தரணும்னா, கால்ல போட்டிருக்கீங்களே ‘சொராப்’, அதைக் கழட்டுங்க. ‘ஜோப்’லேருந்து கையை வெளிய எடுங்க. ரெண்டும் அங்கேருந்து வந்த சொல்லுதான்.”

நெவேனா, அந்த மனுஷன் தன் காலுறையைக் குனிந்து பார்த்தார், சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தே விட்டார். பிறகு எடுத்த கையாலேயே எழுதிக் கொடுத்தார், மே மாதம் புனித ஜார்ஜ் திருநாளுக்குள் செங்கல் வைத்து அடைக்க வேண்டும் என்று.

எங்கள் வீட்டுச் சுவர். எங்கள் கதவு. அவளுக்கும் எனக்கும் நடுவே நடந்து போவதற்கு இவர் யார்?

கொதித்துக்கொண்டிருக்கும்
வெலிகா

---

த்ராவ்னிக்
16 ஏப்ரல் 1989

அக்காவுக்கு, நாங்கள் நலம். தனியாக ஒரு பொட்டலம் காப்பி அனுப்பியிருக்கிறேன். அவளோடு சேர்ந்து குடி.

ஷெவ்கோவின் அண்ணன் வந்திருந்தார், பழைய துருக்கி கொஞ்சம் தெரியும். சண்டையைத் தீர்த்துவைக்கச் சொன்னேன். உன் செயலாளர் சொன்னது உண்மைதான் அக்கா, சொல் துருக்கியிலிருந்துதான் வந்ததாம். ‘கொன்மாக்’ என்றால் பறவை வந்து கிளையில் அமர்வது, வழிப்போக்கன் ஓரிடத்தில் தங்குவது. பக்கத்தில் வந்து அமர்ந்தவன்தான் பக்கத்து வீட்டுக்காரன். அதிலிருந்து வந்ததாம் எல்லாம், இங்கே எங்கள் கொம்ஷிலுக், அங்கே உன் கதவு.

“அப்போ சுத்தமான நம்ம சொல்லு எது?” என்று மாமியார் கோபமாகக் கேட்டார். “‘சுசேத்’” என்றார் அவர். அதற்கு என்ன அர்த்தமென்றால், கூட உட்கார்ந்திருப்பவன்.

மாமியார் விடவில்லை. “அவங்க பக்கத்துல வந்து உக்காருன்னாங்க, நாம கூட உக்காருன்னோம். எழுந்து போன்னு எந்த மொழியும் சொல்லலையே. இந்த செயலாளர் எந்த மொழிக்காரன்?”

இதை அவர் முகத்தில் எறி. பார்த்து எறி.

நெவேனா

---

மேல் மஹாலா
10 மே 1989

நெவேனா, நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

அடைத்தாகிவிட்டது. யார் அடைத்தது தெரியுமா? உன் அத்தான். ஊரில் கொத்தனார் இவர் ஒருவர்தானே. மறுத்தால் வேலை போகும் என்றார்கள். நான் சமையலறையிலிருந்தே சத்தம் போட்டேன்.

“உன் கை விளங்குமா? உன் தாத்தா வச்ச கதவை நீயே அடைக்கற!”

அவர் அடுத்த செங்கல்லை எடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை ரொம்ப நிதானமாக வைத்தார், அளந்து அளந்து. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிச் செங்கல் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்து அவருக்குச் சூப் ஊற்றுகிறேன். பேசுவதில்லை.

மாமியாரம்மா சொன்னதைச் செயலாளரிடம் சொன்னேன். கடையில், நாலு பேர் முன்னால், சத்தமாக. அவர் உப்பு வாங்காமல் போய்விட்டார்.

நீ அனுப்பிய காப்பி வந்தது. அவளும் நானும் குடித்தோம், சூடு ஆறாமல். சுவர் அடைத்த பிறகு எப்படி என்று கேட்காதே. தம்பி, நீயும்தான்.

வெலிகா

---

த்ராவ்னிக்
4 ஜூன் 1989

அக்கா, உடம்பு எப்படி இருக்கிறது? தயவுசெய்து வாயைக் கொஞ்சம் கட்டு. வானொலியில் என்னென்னவோ சொல்கிறார்கள். துருக்கியர்களை எல்லை தாண்டிப் போகச் சொல்கிறார்களாமே, சிலரை ஒரே நாளில் கிளப்பிவிட்டார்களாமே. உங்கள் ஊரில் என்ன? அவள் இருக்கிறாளா? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

நெவேனா

---

மேல் மஹாலா
28 ஜூன் 1989

நெவேனா,

போய்விட்டாள்.

இனி யார் படித்தால் எனக்கென்ன, எழுதுகிறேன். உன் அத்தான் அந்தச் சுவரில் ஒரு செங்கல்லை மட்டும் பூசாமல் வைத்திருந்தார், என் நெஞ்சு உயரத்தில். அடைத்த அன்று இரவே அதை உருவிக் காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அதன் வழியாகத்தான் காப்பி போனது, முட்டை வந்தது, வம்பு போய் வந்தது. அதற்குப் பிறகும் நான் அவரோடு பேசாமல்தான் இருந்தேன். பெண்டாட்டி பேசுகிறாள் என்று தெரிந்தால் செயலாளருக்குச் சந்தேகம் வரும் அல்லவா.

சனிக்கிழமை எல்லை தாண்டிப் போகச் சொல்லி அவளுக்குக் காகிதம் வந்தது, திங்கள்கிழமை கிளம்ப வேண்டுமாம். காரின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் தையல் மெஷின், அதன் மேல் கவிழ்த்த மேசை. தெருவில் காவலர்கள் நின்றார்கள், வழியனுப்ப யாரும் போகக் கூடாது என்று. நான் சுவரண்டை போய்ச் செங்கல்லை உருவினேன். கை மட்டும் வந்தது. அதில் வீட்டுச் சாவி.

“ஆட்டை ரெண்டு வேளையும் கறக்கணும். தக்காளிக்குக் கம்பு கட்டு, சும்மா பாத்துட்டு நிக்காத.”

“எப்போடி வருவே?”

“கத்தரிக்காய் பெரிசானா பறிச்சிடு, முத்த விடாத.”

 அவள் கையை எடுக்கவில்லை. கார் ஹாரன் அடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

‘பெரிய உல்லாசப் பயணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் இதற்கு. உல்லாசப் பயணத்துக்கு யாராவது தையல் மெஷினைக் கொண்டுபோவார்களா?

வெலிகா

---

த்ராவ்னிக்
20 ஜூலை 1989

அக்கா, படித்தோம். மாமியார் அழுதார். பிறகு எழுந்து போய், செர்பியக்காரியையும் மாடிக்காரியையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காப்பி ஊற்றினார். யாரும் சொல்லைப் பற்றிப் பேசவில்லை. எழுது.

நெவேனா

---

த்ராவ்னிக்
8 செப்டம்பர் 1989

அக்கா, என் கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? வேறு ஏதாவதா? அத்தானையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

நெவேனா

---

மேல் மஹாலா
1 அக்டோபர் 1989

நெவேனா, உயிரோடு இருக்கிறேன், ஆடும் அப்படியே. உன் கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன, தம்பி விடுமுறையில் போயிருந்தான் போல. எழுதாததற்குக் காரணம் புகையிலை. மஹாலாவில் பாதி வீடு பூட்டு, வயலெல்லாம் அப்படியே நின்றது. நகரத்திலிருந்து படித்த பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுவந்து பறிக்கச் சொன்னார்கள். புகையிலையைக் கீரை மாதிரி பிடுங்கினார்கள். அவள் வயலில் மட்டும் அவர்களை விடவில்லை. நானும் உன் அத்தானும் பறித்தோம், எங்களுடையதைப் பறித்த பிறகு. என் இடுப்பைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது.

போன மாதம் செயலாளர் வந்து, அவள் வீட்டை வேறு யாருக்கோ ஒதுக்கப் போகிறார்களாம், சாவியைக் கொடு என்றார். ஆள் இல்லாத வீடாம். ஆள் இல்லாத வீடா? அவள் சட்டி அடுப்பில் இருக்கிறது, அவள் தலைமுக்காடு ஆணியில் தொங்குகிறது. சாவி ஆட்டின் வயிற்றில் இருக்கிறது என்றேன். அவர் போனதும் உன் அத்தானைப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு மற்றவர்கள் காதில் விழும்படி அவரோடு பேசிய முதல் வார்த்தை:

“சுத்தியலை எடுய்யா.”

பட்டப்பகலில் இடித்தோம். இடித்தோம் என்பது பெரிய வார்த்தை. இரண்டு தட்டில் சுவர் மொத்தமும் சரிந்தது. பார்த்தால், சிமெண்டே போடவில்லை அந்த மனுஷன், வெறும் களிமண். மேலே மட்டும் சிமெண்டுப் பூச்சு. அந்த அளந்து அளந்து வைத்த நிதானத்துக்கு அதுதான் காரணம்.

பழைய நிலைச்சட்டத்தையே, புதுக் கட்டை சேர்த்து ஒரு சாண் அகலமாக்கித் திரும்ப வைத்தார்.

“எதுக்கு அகலம்?” என்றேன்.

“கதவு சுருங்குது,” என்றார்.

செயலாளர் தெரு வழியாக ஓடிவந்தார். இந்தத் தடவை முர்ஜோவைக் கட்டவில்லை. விறகுக் கட்டை மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார், “என்ன இது? யாரைக் கேட்டுத் திறந்தீங்க?”

“எதை?”

“அதை! அந்த... அதை!”

“பேரைச் சொல்லுங்க ஐயா. பேரில்லாத ஒண்ணை எப்படி அடைக்கறது?”

சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அடைத்திருக்க மாட்டேன். ஒரு காலுறையை எங்கள் கொல்லையில் விட்டுவிட்டுப் போனார். அந்தச் சொல்லை முர்ஜோ திருப்பித் தரவில்லை.

இப்போது தினமும் அதன் வழியாகப் போய் ஆட்டைக் கறக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், மாலையில் விளக்கு போடுகிறேன். ஆள் இருக்கிற வீடு என்று தெரியட்டும். அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உனக்கு எங்கிருந்தாவது அவள் விலாசம் தெரியவந்தால், கொம்ஷுலுக் திறந்ததை மட்டும் சொல்லிவிடாதே. நேரில் வந்து பார்க்கட்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்.

இளைத்துப்போன
வெலிகா

---

த்ராவ்னிக்
3 டிசம்பர் 1989

அக்கா, எல்லாரும் நலம். உட்கார்ந்துகொண்டு படி. அவள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள், துருக்கியில் புர்சாவிலிருந்து! உனக்கு எழுதினால் உனக்குத் தொல்லை வரும் என்று எனக்கு எழுதியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்:

‘உன் அக்காகிட்ட சொல்லு. இங்க அஞ்சாவது மாடியில ஒரே அறையில எல்லாரும் படுத்திருக்கோம். எதிர் வீட்டுல உப்பு கேட்டேன். சங்கிலியை எடுக்காமலே கதவு சந்து வழியாக் குடுத்தா. நல்லவதான், நம்மளை இவங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு இங்க ‘பல்கேரியர்’னு பேரு. அங்க துருக்கியர்னு துரத்தினாங்க. கொம்ஷுலுக் எங்கன்னு கேட்டேன், அதுன்னா அக்கம்பக்கப் பழக்கம்தானே, கதவு எப்படி ஆகும்னு சிரிக்கறாங்க. இது அவங்க சொல்லுதான் நெவேனா, ஆனா அவங்ககிட்ட அந்தக் கதவு இல்ல. ஆடு எப்படி இருக்கு? உன் அக்கா சரியா கறக்க மாட்டா, காம்பை இழுப்பா.’

அக்கா, சோபியாவில் ஆட்சிப் பெரியவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்களாமே. சிலர் திரும்பி வருகிறார்களாம். அவளும் புருஷனிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், திரும்பிப் போகலாம் என்று. திரும்பி வந்து அடைத்த சுவரைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறதாம். நீ சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடட்டுமா?

நெவேனா

---

மேல் மஹாலா
16 ஜனவரி 1990

நெவேனா,

நஸ்மியே. நஸ்மியே. நஸ்மியே.

எழுதிப் பார்த்தேன், கை மறக்கவில்லை. பெயர்களைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். யார் கொடுக்கிறார் தெரியுமா? அதே தெர்ஸியேவ், அதே நாற்காலி, அதே பேனா. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு வரிசையில் நிற்க வைத்து, நன்றி வேறு எதிர்பார்க்கிறார். முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்குதான் இருந்தது.

நாங்கள் நலம். ஆடும் நலம். காம்பை நான் இழுப்பதில்லை என்று ஆட்டைக் கேட்டாலே சொல்லும். தம்பி இப்போதும் பிரித்துப் படிக்கிறானா தெரியவில்லை, படித்தால் புத்தாண்டு வாழ்த்து. சொல்லட்டுமா என்று நீ கேட்டு எழுதிய கடிதம் முந்தாநாள்தான் வந்தது. வேண்டாம், அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது.

நஸ்மியே நேற்று மதியப் பேருந்தில் வந்தாள். டிரைவர் மகன் முன்னாலேயே ஓடிவந்து சொல்லிவிட்டான். நான் கொம்ஷுலுக் வழியாக அவள் வீட்டுக்கு ஓடி, அடுப்பைப் பற்றவைத்து, காப்பியை ஏற்றி, இரண்டு கோப்பையைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கதவைப் பார்த்து நிற்கும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று.

ஆனால் சாவி என்னிடம் இருந்தது. அதனால் அவள் முதலில் என் வீட்டுக்கு வந்தாள். சுவர் அடைத்திருக்கிறது என்ற நினைப்பில் தெருக் கதவு வழியாக வந்தாள்.

முர்ஜோவுக்குத் தெருக் கதவுச் சட்டம்தான் தெரியும். இடது கால், கெண்டைச்சதை. வைத்தியர் ஊசி போட்டிருக்கிறார். காப்பி பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

வெலிகா